பாடசாலையும் பதிப்புரிமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மாணவர் சார்பில் நிகழ்த்திய பேச்சு)





இவ்விழாவில் மாணவர் சார்பிற் பேசுமாறு சங்கத்தார் பணித்தபோது, எதைப்பற்றிப் பேசுவதென்று நாங்கள் பலவாறு யோசித்தோம். கல்வியின் பெருமை, இளைஞர் கடமை, ஒற்றுமையின் அவசியம் ஆகியன மேடைக்கு எளிதாகக் கைவரும் பொருள்கள். ஆனால் அவற்றை எங்களிலும் நன்றாக எடுத்துரைக்க வல்லவர்கள் இச்சபையிலேயே பலர் உளர். ஆகவே எங்கள் கையிலும் எங்கள் ஆசிரியர் கையிலும் நாள்தோறும் புழங்குகின்ற, ஆனால் எவரும் நின்று பேசாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். அதுதான் புத்தகத்தைப் பிரதி எடுப்பது.

தம்பி தங்கையரே! நீங்கள் எழுதிய பரீட்சை வினாத்தாளின் தலைப்பை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மூன்று மொழிகளில் ஒரு வாசகம் அங்கே அச்சிடப்பட்டிருக்கும். தமிழில் அது "முழுப் பதிப்புரிமையுடையது" என்றிருக்கும். சாதாரண தரத்திலும் கண்டோம், உயர்தரத்திலும் கண்டோம். அதன் பொருள் என்னவென்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு ஆள் இருந்திருக்குமா என்பது ஐயமே.

நாங்கள் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். காலைச் செபத்திலே களவு கூடாதென்ற கட்டளையைக் கேட்டோம். தமிழ்ப் பாடத்திலே திருக்குறளின் கள்ளாமை அதிகாரத்தை மனப்பாடம் செய்தோம். ஆயினும் ஒருவர் எழுதிய புத்தகத்தைப் பிரதி செய்வது களவு என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. களவல்ல என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

உயர்தர வகுப்பிலே எங்கள் தமிழாசிரியர் மேலதிக வாசிப்புக்கென்று ஒரு சிறுகதைத் தொகுதியைக் கொண்டுவந்தார். அவரிடம் இருந்தது ஒரே பிரதி. வகுப்பில் நாங்கள் இருபத்துமூன்று பேர். பதுளை டவுனிலே எந்தக் கடையிலும் அந்தப் புத்தகம் கிடைக்கவில்லை. ஆசிரியர் அதை எங்கள் கையிற் கொடுத்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலே போட்டோக்கொப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டிலே கொழுந்துச் சம்பளத்திலிருந்து எண்ணிக் கொடுத்த காசு. ஆதலால் தாளைக் குறைப்பதற்கு வழி தேடினோம். "அட்டை வேண்டாம் அண்ணே, முன்பக்கமும் வேண்டாம், கதையை மட்டும் அடியுங்கள்" என்றோம். ஒருவருக்கு இரண்டு தாள் மிச்சமாயிற்று. அதைப் பெரிய கெட்டித்தனமென்று நாங்கள் எண்ணினோம்.

அந்தக் கதைகளைப் பலமுறை படித்தோம். அவற்றில் வந்த பெரட்டுக்களமும், லயத்துக் காம்பராவும், மழைக்காலத்துக் கொழுந்துக் கூடையும் எங்களுடையவை. ஆனால் அவற்றை எழுதியவர் யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏனென்றால் எழுதியவருடைய பெயர் இருந்த பக்கங்களைத்தான் நாங்கள் விட்டுவிட்டோமே!

இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் சர்வகலாசாலை நூல்நிலையத்திலே அதே புத்தகத்தை அட்டையோடு கண்டோம். உள்ளே ஆசிரியரின் பெயரும் முகவரியும் இருந்தன. முகவரியோ பசறை வீதியிலுள்ள ஒரு தோட்டம். எங்கள் லயத்திலிருந்து பஸ்ஸிலே முக்கால் மணி நேரப் பயணம்! விடுமுறையிலே நாங்கள் இருவர் அவரைத் தேடிப் போனோம். போய்க் கண்டதைப் பேச்சின் முடிவிலே சொல்கிறோம். அதற்கு முன்னர் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம்.

பதிப்புரிமை என்பது யாது? ஒருவர் தம் அறிவையும் உழைப்பையும் செலவிட்டு ஒரு நூலை ஆக்கினால், அதைப் பிரதி செய்யவும், விற்கவும், மொழிபெயர்க்கவும், மேடையேற்றவும் அவருக்கே உரிமை உண்டு. பிறர் செய்வதாயின் அவரிடம் அனுமதி பெறவேண்டும் என்பதே அதன் சுருக்கம். எண்ணங்களுக்கு இந்த உரிமை கிடையாது. பைதகரசின் தேற்றத்தை எவரும் கற்பிக்கலாம். அதை விளக்கி ஒருவர் எழுதிய வசனங்களும் அவர் அமைத்த பயிற்சிகளுமே அவருடைய சொத்து. சட்டங்கள் முதலிய உத்தியோக வாசகங்களுக்கும் அன்றைய செய்திகளுக்கும் இந்த உரிமை இல்லை.

இந்த உரிமை பணக்காரப் பதிப்பாளர்களுக்காகவே பிறந்தது என்று எண்ணுவோர் உண்டு. உலகிலே இத்துறையின் முதற்சட்டம் என்று சொல்லப்படுவது 1710ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஆன் இராணியார் காலத்தில் வந்தது. கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம் என்பதே அதன் தலைப்பு. ஆசிரியருக்குப் பதினான்கு ஆண்டு உரிமை. அவர் உயிரோடிருந்தால் இன்னும் பதினான்கு ஆண்டு. அதன்பின் நூல் எல்லோருக்கும் பொது. எழுதுவோர் எழுத வேண்டும், கற்போர் கற்க வேண்டும் என்ற இரு நோக்கமும் தொடக்கத்திலேயே சேர்ந்திருந்தன.

நம் நாட்டில் நெடுங்காலம் பிரித்தானியரின் 1911ஆம் ஆண்டுச் சட்டமே நடைமுறையில் இருந்தது. 1979இல் நமக்கென்று ஒரு சட்டக்கோவை வந்தது. இன்று வழக்கிலிருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி நூலாசிரியரின் ஆயுள் முழுவதும், அவர் காலமான பின்னர் 70 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும்.

இதை நம்மவர் பெயர்களோடு சேர்த்துப் பார்த்தால் நன்கு விளங்கும். ஆறுமுக நாவலர் 1879இல் மறைந்தார். அவருடைய பாலபாடங்களை இன்று எவரும் அச்சிடலாம். பாரதியார் 1921இல் மறைந்தார். அவருடைய பாடல்களும் பொதுவே. தேயிலைத் தோட்ட மக்களைப் பாடிய சி. வி. வேலுப்பிள்ளை 1984இல் மறைந்தார். அவருடைய நூல்களுக்கு 2054 வரை உரிமை உண்டு. நம் பதுளைப் பகுதித் தோட்டமொன்றிலே 1934இற் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் 2022இல் மறைந்தார். "நாமிருக்கும் நாடே" முதலிய அவருடைய நூல்களின் உரிமை 2092 வரை நிலைக்கும். இச்சபையிலிருக்கும் சிறுவர்கள் அப்போது முதியவர்களாயிருப்பார்கள்.

அப்படியானால், அவர் கதையொன்றை வகுப்பிலே படிப்பிக்க விரும்பும் ஆசிரியர் 2092 வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நாங்கள் இன்று சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுவே.

மேற்படி சட்டத்தின் 11ஆம் பிரிவு நியாயமான பயன்பாடு என்ற ஒன்றை வகுத்துள்ளது. விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், புலமை, ஆராய்ச்சி ஆகியவற்றுக்காக ஒரு நூலை நியாயமான முறையிற் பயன்படுத்துவது உரிமை மீறலாகாது. கற்பித்தல் என்ற சொல்லுக்குப் பக்கத்திலே, வகுப்பறைக்காகப் பல பிரதிகள் எடுப்பதும் அதில் அடங்கும் என்று சட்டமே விளக்கியிருக்கிறது. எங்கள் ஆசிரியர்களில் எத்தனை பேர் இவ்வரியை அறிவார்கள்? சிலர் ஒரு பக்கத்தைப் பிரதி எடுக்கவும் பயப்படுகிறார்கள். வேறு சிலர் முழுப் புத்தகத்தையும் எடுக்கக் கூசுவதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது அறியாமை.

எது நியாயம் என்று நிறுத்துப் பார்க்கச் சட்டம் நான்கு படிக்கற்களைத் தந்திருக்கிறது. முதலாவது, எதற்காக எடுக்கிறோம்? இலாபத்துக்கா, இலாபமற்ற கல்விக்கா? இரண்டாவது, எப்படிப்பட்ட நூல்? மூன்றாவது, முழு நூலோடு ஒப்பிட எவ்வளவு எடுக்கிறோம்? எடுத்த பகுதி அந்நூலின் உயிரான பகுதியா? நான்காவது, நாம் எடுப்பதால் அந்நூலின் விற்பனை கெடுமா?

12ஆம் பிரிவு இன்னும் விளக்கமாகச் சொல்கிறது. இலாப நோக்கமற்ற கல்வி நிலையத்திலே, முகத்துக்கு முகம் நடக்கும் கற்பித்தலுக்காக, வெளியான கட்டுரைகளையும் சிறு ஆக்கங்களையும் நூலின் சிறு பகுதிகளையும் தேவையான அளவுக்குப் பிரதி எடுக்கலாம். ஆனால் அது இடையிடையே நிகழ்வதாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் புத்தகத்துக்குப் பதிலாகவே நடத்தும் ஏற்பாடாக இருத்தலாகாது. எடுத்த இடத்தையும் ஆசிரியர் பெயரையும் குறிப்பிட வேண்டும். தனியொருவர் தம் சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. ஆயினும் ஒரு புத்தகம் முழுவதையுமோ அதன் பெரும்பகுதியையுமோ இயந்திரத்தாற் பிரதி எடுப்பதை அந்தச் சலுகையிலிருந்து சட்டம் நீக்கியிருக்கிறது.

இவற்றை நம் ஊர் நிலைமைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஓர் ஆசிரியர் ஒரு தொகுதியிலிருந்து ஒரு சிறுகதையை எடுத்து, கீழே ஆசிரியர் பெயரையும் நூற்பெயரையும் எழுதி, வகுப்பிலுள்ள முப்பது பேருக்கும் கொடுக்கிறார். இது நியாயமான பயன்பாடு. அவர் தயங்க வேண்டியதில்லை.

அதே ஆசிரியர் தொகுதி முழுவதையும் முப்பது பிரதி எடுப்பிக்கிறார். கடையிலே விலைக்குக் கிடைக்கும் புத்தகமாயின் இது எழுதியவரின் வயிற்றில் அடிப்பதாகும். நாங்கள் செய்தது இதுவே. கடையிற் கிடைக்கவில்லையே என்று சொல்லலாம். ஆனால் எழுதியவரிடம் கிடைக்குமா என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

ஒரு டியூஷன் வகுப்பிலே ஒருவர் பிறருடைய நூலிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து, தம் பெயரை மேலே போட்டு, டியூட் என்று விலைக்குக் கொடுக்கிறார். பாடசாலை ஆசிரியருக்குள்ள சலுகை இவருக்கு இல்லை. காசுக்கு விற்பது ஒரு பிழை. பெயரை மாற்றுவது அதனினும் பெரிய பிழை. பழைய வினாத்தாள்களைத் தொகுத்து விற்பவரும் அந்தத் தலைப்பு வாசகத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

இனி வட்ஸ்அப் பற்றிப் பேச வேண்டும். 2020இலே கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தன. சிக்னல் தேடி ஊவாவின் மலைகளில் ஏறியிருந்து படித்த பிள்ளைகள் உண்டு. 2022இன் நெருக்கடியிலே கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அவ்வேளையில் ஆசிரியர்கள் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியதை நாம் குறைசொல்ல முடியுமா? முகத்துக்கு முகம் என்ற வாசகம் 2003இல் எழுதப்பட்டது. பிள்ளை மலையுச்சியிலும் ஆசிரியர் வீட்டிலும் இருக்கும் காலத்தை அது எண்ணவில்லை. ஆயினும் 11ஆம் பிரிவு அகன்ற வாசல். தம் வகுப்புக் குழுவுக்கு மட்டும், பாடத்துக்கு வேண்டிய பகுதியை மட்டும் அனுப்புவது அவ்வாசலுக்குள் அடங்கும் என்பதே எங்கள் கருத்து. ஒரு முழு நூலின் பி.டி.எப். ஊர் ஊராகக் குழுவுக்குக் குழு பறப்பதை அவ்வாறு சொல்ல இயலாது.

அரசாங்கப் பாடநூல்களைப் பொறுத்தவரை இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. 1980 முதல் அவை இலவசமாக வழங்கப்படுகின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் அவற்றை இறக்கிக்கொள்ளலாம். அவற்றைப் போட்டோக்கொப்பி எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள்.

பெரியோர்களே, இவ்வளவு நுணுக்கம் தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பக்க நியாயத்தையும் மறைக்காது சொல்கிறோம். இந்நாட்டிலே இலவசக் கல்வி 1945இல் வந்தபோது அதன் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. ஓராசிரியர் பாடசாலையாய், ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பாய் அவை கிடந்தன. 1977க்குப் பின்னரே அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. இவ்வாறு ஒரு தலைமுறைக்கு மேல் பின்தங்கிய பிள்ளைகளைப் பார்த்து, விலைக்கு வாங்கமுடியாவிட்டால் படிக்காதே என்று சொல்வது தர்மமாகாது. மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ ஒரு பிள்ளை புத்தகக்கடைக்கு வந்துபோக ஒருநாள் வேண்டும். கற்பித்தலுக்காகச் சட்டம் இடைவெளி விட்டிருப்பது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே என்று நாங்கள் கொள்கிறோம்.

இதே கேள்வி டில்லியிலும் எழுந்தது. 2012இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் நிறுவனமும் டில்லிச் சர்வகலாசாலையின் மீதும், அங்கிருந்த ராமேஸ்வரி என்ற சிறு போட்டோக்கொப்பிக் கடையின் மீதும் வழக்குத் தொடுத்தன. பல நூல்களின் பகுதிகளைத் தொகுத்துப் பாடத்தொகுதியாக மாணவர்க்கு விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. மாணவரும் ஆசிரியரும் வழக்கிலே இணைந்து தம் கட்சியை எடுத்துரைத்தனர். 2016 செப்டம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் மேன்முறையீட்டு அமர்வும், கற்பித்தலுக்குத் தேவையான அளவு பிரதி எடுக்கலாம் என்ற நிலைப்பாட்டையே கொண்டு, அந்தப் பகுதிகள் உண்மையிலே தேவையானவைதானா என்பதை மட்டும் விசாரிக்கப் பணித்தது. 2017இல் பதிப்பாளர்கள் வழக்கை விலக்கிக்கொண்டனர். அது இந்தியச் சட்டம். நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஏழை மாணவரின் தேவையைச் சட்டமன்றமும் நீதிமன்றமும் எண்ணிப் பார்க்கும் என்பதற்கு அது சான்று.

ஆயினும் நாம் ஒன்றை மறக்கலாகாது. டில்லியில் எதிர்த்தரப்பில் நின்றவை உலகெங்கும் கிளைபரப்பிய பெரிய நிறுவனங்கள். பதுளையில் எதிர்த்தரப்பில் நிற்பவர் யார்? ஊழியர் சேமலாப நிதியை எடுத்து முந்நூறு பிரதி அச்சிட்ட ஓய்வுபெற்ற ஒரு தோட்டத்து மனிதர். இருபத்துமூன்று பிரதி என்பது ஒக்ஸ்போர்ட்டுக்குக் கடலில் ஒரு துளி. அவருக்கோ அவர் அச்சிட்டதில் பதின்மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட. நான்காவது படிக்கல்லை, விற்பனை கெடுமா என்ற அந்தக் கேள்வியை, நம் சொந்த எழுத்தாளர் விஷயத்திலேதான் நாம் அதிகமாக நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பாடநூல் இல்லாத குறையை நம் முன்னோர் எவ்வாறு தீர்த்தார்கள்? நாவலர் அவர்கள் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் வித்தியாசாலை தொடங்கியபோது பிள்ளைகளுக்கு ஏற்ற புத்தகம் இல்லை என்று கண்டார். அடுத்த ஆண்டே சென்னைக்குப் போய் அச்சியந்திரம் கொண்டுவந்து, தாமே எழுதி, தாமே அச்சிட்டார். மிஷன் பாடசாலையில் அச்சுப் புத்தகத்தின் பயனைக் கண்டதும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். எல்லோரும் நாவலராக முடியாது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு வேண்டிய பயிற்சி ஏடுகளை நம் ஆசிரியர்கள் கூடி எழுதி, எவரும் பிரதி எடுக்கலாம் என்று முதற்பக்கத்திலேயே அச்சிட்டு விடலாமே. அப்படி அனுமதி கொடுப்பதற்கும் அதே பதிப்புரிமைதான் அதிகாரம் தருகிறது.

ஒரு நூல் எல்லோருக்கும் வேண்டியதாயின் அதைப் பொதுவாக்க நேர்மையான வழியும் உண்டு. பாரதியார் பாடல்களின் உரிமை ஒருகாலத்திலே தனியார் வசமிருந்தது. இசைத்தட்டுக்கும் திரைப்படத்துக்குமான உரிமையை ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் வாங்கி வைத்திருந்தார். பாரதி மக்களுக்குப் பொதுவாக வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தது, டி. கே. சண்முகம் முதலியோர் அதில் முன்னின்றனர். செட்டியார் தம் உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார். 1949இல் சென்னை அரசாங்கம் கவிஞரின் குடும்பத்தாருக்குப் பணம் கொடுத்து நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்கள் பொதுச்சொத்தாயின. பிற்காலத்திலும் பல எழுத்தாளரின் நூல்களைத் தமிழ்நாட்டு அரசாங்கம் அவ்வாறே நாட்டுடைமையாக்கி, குடும்பத்தாருக்குத் தொகை வழங்கி வருகிறது. மலையக எழுத்தாளரின் நூல்களுக்கும் இந்நாட்டிலே இத்தகைய ஏற்பாடு வேண்டும் என்று நாம் கேட்கலாம். கேட்கும்வரை யார் தருவார்?

இன்னும் ஒரு செல்வம் நம்மிடம் உண்டு. அதற்கு ஆசிரியர் பெயரே கிடையாது. கொழுந்து மலையிலே நம் பாட்டிமார் பாடிய பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும், காமன் கூத்தும் அவை. அவற்றுக்கும் காப்புத் தருகிறது மேற்படி சட்டத்தின் 24ஆம் பிரிவு. நாட்டார் ஆக்கங்களை வணிக நோக்கத்தோடு, அல்லது அவற்றின் வழக்கமான சூழலுக்குப் புறம்பாக வெளியிடுவதற்கு அனுமதி வேண்டும். வகுப்பிலே நேரிற் கற்பிப்பதற்கும் ஆராய்ச்சிக்கும் தடையில்லை. ஆனால் வெளியிடும்போது எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து கிடைத்தது என்று குறிப்பிட வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் இப்பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் எத்தனையோ அழிந்திருக்கும். நம் பாடசாலை மலர்களிலே இவை சில சமயம் "இயற்றியவர்" என்று ஒரு மாணவரின் பெயரோடு வருகின்றன. அம்மாணவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பெயர் போடும் இடத்திலே எதையாவது எழுதவேண்டுமே என்று எழுதுகிறார். அதற்குப் பதிலாக, "நமுனுகுலைத் தோட்டத்துப் பாட்டியார் ஒருவர் பாடக் கேட்டு எழுதியது" என்று போட்டால் எவ்வளவு அழகாயிருக்கும்! சட்டமும் நிறைவேறும், பாட்டிக்கும் மரியாதை.

பேசிவிட்டுப் போவதோடு நில்லாமல், சங்கத்தார் முன் சில விண்ணப்பங்களை வைக்கிறோம்.

சங்க நூல்நிலையத்திலே ஊவா எழுத்தாளர்களுக்கென ஓர் அலுமாரி ஒதுக்குங்கள். ஒவ்வொரு நூலிலும் இரண்டு பிரதியாவது எழுதியவரிடமே விலைகொடுத்து வாங்குங்கள். தூரத்துத் தோட்டப் பாடசாலைகளுக்கு அவற்றைச் சுற்றுக்கு விடுங்கள். பழுதான அரிய நூல்களுக்கு மாற்றுப் பிரதி எடுத்து வைப்பதற்கு நூல்நிலையங்களுக்குச் சட்டம் நிபந்தனையோடு இடங்கொடுக்கிறது. அதையும் அறிந்து பயன்படுத்துங்கள்.

முழு நூலும் வகுப்புக்கு வேண்டுமாயின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "ஐயா, எங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் நூல் வேண்டும், வாங்க வசதியில்லை, பிரதி எடுக்கலாமா?" என்று கேட்டால் மறுப்பவர் மிகச் சிலரே. 2005இலே தொடங்கிய நூலகம் என்ற இணைய நூல்நிலையம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் சேர்த்து, உலகெங்கும் இலவசமாகப் படிக்கத் தந்திருக்கிறது. கேட்டால் கொடுக்கும் மனம் நம் எழுத்தாளரிடம் உண்டு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

ஆசிரியப் பெருமக்களே, வகுப்புக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தாளின் அடியிலும் எழுதியவர் பெயரும் நூற்பெயரும் இருக்கட்டும். இதற்கு ஒரு வரி போதும், தனித்தாள் வேண்டாம்.

இப்போது பசறை வீதிக்கு வருவோம். அந்தப் பெரியவரின் பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறோம். பெயரை விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு நீங்களே விடுகிறீர்களே என்று கேட்பீர்கள். எங்கள் தவறுக்கு அவர் பெயரைச் சாட்சிக்கு இழுக்க மனமில்லை.

வாசலிலே எங்களை நிறுத்தாமல் உள்ளே அழைத்தார். தேநீர் வந்தது. நாங்கள் நடந்ததைச் சொன்னோம். இருபத்துமூன்று பிரதி என்றோம். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் கட்டிலுக்குக் கீழே குனிந்து, பத்திரிகைத் தாளிற் சுற்றிய ஒரு கட்டை இழுத்தார். அவருடைய புத்தகங்கள்! மலைக்குளிரில் ஈரம் ஏறி ஓரங்கள் பழுத்திருந்தன. ஏறக்குறைய நூறு பிரதி இருக்கும். நாங்கள் இரண்டு தாள் மிச்சம் பிடித்த அதே வாரத்திலும் அவை அங்கேதான் கிடந்திருக்கின்றன.

"பிள்ளைகள் வாசித்தார்களா, தம்பி?" என்று கேட்டார்.

"வாசித்தோம் ஐயா, பலமுறை வாசித்தோம்."

"அது போதும். யார் எழுதினது என்று தெரிந்துதானே வாசித்தீர்கள்?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. காசைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நாங்கள் விலைகொடுத்து இரண்டு பிரதி வாங்கினோம். மூன்றாவதை எங்கள் பழைய வகுப்புக்கென்று தம் கையொப்பமிட்டுத் தந்தார். அதை ஆசிரியரிடம் சேர்ப்பித்தோம். ஆசிரியரும் வருந்தினார். இப்போது அவ்வகுப்பிலே ஒரு கதையை மட்டுமே பிரதி எடுக்கிறார்கள், பெயரோடு. மற்றக் கதைகளைப் படிக்க விரும்பும் பிள்ளை அந்தப் புத்தகத்தை முறைபோட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறது. இதைக் கேள்விப்பட்ட பக்கத்துப் பாடசாலையொன்று ஐந்து பிரதி வாங்கியிருக்கிறது.

ஆகவே தம்பி தங்கையரே, படிப்பதற்குப் பயப்படாதீர்கள். உங்கள் படிப்புக்குச் சட்டம் இடம் விட்டிருக்கிறது. வேண்டிய அளவு எடுங்கள். முழுவதும் வேண்டுமாயின் கேட்டு எடுங்கள், அல்லது கூடி வாங்குங்கள். போட்டோக்கொப்பிக் கடையிலே நிற்கும்போது முன்பக்கத்தையும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் காசு பெரிதல்ல.